27 குழிகளும் ஒரு மாரடைப்பும்

வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் ஐசன்ஹோவர் சொன்னார்.

1955 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. டென்வர் நகரை ஒட்டிய செர்ரி ஹில்ஸ் கிளப்பில் அமெரிக்க அதிபர் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். 18 குழிகளை, அதாவது ஒரு முழு ரவுண்டை, முடித்தாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு, வெங்காயத்தைத் தடித்தடியாக நறுக்கி வைத்த ஹாம்பர்கர். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆசை விடவில்லை. இன்னும் 9 குழி ஆடிவிடலாம் என்று இறங்கினார். அந்தச் சுற்று முடியப்போகிற நேரத்தில் வயிற்றை என்னவோ செய்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆடி முடித்தார். அன்று நள்ளிரவு தாண்டி அவருக்கு மாரடைப்பு வந்தது.

அமெரிக்க அதிபர்களும் கோல்ஃபும் என்று பேச்செடுத்தால் இப்போதெல்லாம் கணக்குப் பார்ப்பதில்தான் போய் முடிகிறது. ஒபாமா எட்டு வருடத்தில் 333 ரவுண்டு ஆடினார் என்று வெள்ளை மாளிகை நிருபர் மார்க் நோலர் எண்ணி வைத்திருந்தார். அதைக் காட்டி ஒபாமாவைக் கிண்டலடித்த ட்ரம்ப், பதவிக்கு வந்ததும் தன் சொந்த மைதானங்களிலேயே ஆடப் போனார். யார் அதிகம் ஆடினார் என்கிற இந்தப் பட்டிமன்றத்தில் எனக்குச் சுவாரசியமில்லை. அதிபர் மட்டையைத் தூக்கினால் நாடு அதை எதற்கான சாட்சியாக எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சோம்பேறித்தனத்துக்கா, பணக்காரப் பழக்கத்துக்கா, உடம்பு திடமாக இருப்பதற்கா? ஐசன்ஹோவர் விஷயத்தில் கோல்ஃப் கிட்டத்தட்ட ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட்டாகவே ஆகிப்போனது. அந்த வெள்ளிக்கிழமையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அது தெரியும்.

அதற்கு முந்தைய கதை

1908-இல் அதிபர் தேர்தலுக்கு நின்ற வில்லியம் டாஃப்டுக்கு, அப்போது அதிபராக இருந்த தியோடோர் ரூஸ்வெல்ட் ஓர் எச்சரிக்கை எழுதி அனுப்பினார். குதிரை மேல் உட்கார்ந்த படம் வரலாம். டென்னிஸ் ஆடும் படம் கூடாது. கோல்ஃப் என்றாலோ ஆளையே கவிழ்த்துவிடும். ரூஸ்வெல்டும் டென்னிஸ் ஆடியவர்தான். ஆனால் டென்னிஸ் உடையில் தன்னைப் படம் எடுக்க விடமாட்டார். சீமான் வீட்டு விளையாட்டு என்ற பெயர் ஓட்டைக் கெடுக்கும் என்பது அவர் கணக்கு. டாஃப்ட் கேட்கவில்லை. பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஊரறிய ஆடினார், ஜெயித்தும் விட்டார்.

அடுத்து வந்த உட்ரோ வில்சனுக்குக் கோல்ஃப் மருந்து. வயிற்றுக் கோளாறும் தலைவலியுமாக வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தவரை, திறந்த வெளியில் நடக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் கேரி கிரேசன் மைதானத்துக்கு இழுத்துப் போனார். பனி பெய்தாலும் விடவில்லை. வெள்ளைப் பனியில் வெள்ளைப் பந்து தெரியாதே என்று பந்துக்குச் சாயம் பூசி ஆடினார்கள். ஆயிரம் ரவுண்டுக்கு மேல் இருக்கும் என்பார்கள். ஆனாலும் அவர் ஆட்டம் கடைசிவரை தேறவே இல்லை.

அந்த மருந்தும் ஒரு கட்டத்துக்கு மேல் கைகொடுக்கவில்லை. 1919 அக்டோபரில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. மனைவி ஈடித்தும் அதே கிரேசனும் சேர்ந்து அதை மாதக்கணக்கில் மூடி மறைத்தார்கள். நரம்புத் தளர்ச்சி என்று நாட்டுக்குச் சொல்லப்பட்டது. 36 வருடம் கழித்து டென்வரில் ஒரு படுக்கையறையில் இந்தப் பழைய கதை மறுபடி தலைதூக்கப் போகிறது.

ஐக்கின் பித்து

ஐசன்ஹோவரை ஊரே ‘ஐக்’ என்றுதான் கூப்பிட்டது. இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்த காலத்தில் கால்பந்தில் முழங்கால் உடைந்தது. அமெரிக்கர்களுக்குக் கால்பந்து என்பது கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு முட்டிமோதும் ஆட்டம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஆட வந்தால் பந்து எங்கே நேராகப் போகும்? வலப்பக்கமாக வளைந்து வளைந்து போகும். அதனால் பித்து தெளிந்துவிடவில்லை. எட்டு வருட ஆட்சியில் சுமார் 800 ரவுண்டு ஆடினார்.

1954-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில், அவர் அலுவலக வாசலுக்கு எதிரிலேயே, பயிற்சிக்கென்று ஒரு புல்தரை போட்டுக் கொடுத்தது. ஆணி வைத்த கோல்ஃப் ஷூவைக் கழற்றாமலேயே ஓவல் அலுவலகத்துக்குள் நடந்து நடந்து, மேசைக்கும் தோட்டக் கதவுக்கும் நடுவே தரையெல்லாம் பொத்தல். பின்னால் வந்த கென்னடி அந்தப் பொத்தல்களை வருகிறவர்களுக்குக் காட்டிச் சிரிப்பாராம்.

அணில் விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை மாளிகை அணில்கள் அந்தப் புல்தரையைத் தோண்டிக் கொட்டைகளைப் புதைத்தன. ஐக் கொதித்துப்போய், அடுத்த தடவை கண்ணில் பட்டால் சுட்டுத் தள்ளு என்று தன் உதவியாளரிடம் சொன்னார். சுடவில்லை, பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விட்டார்கள். சும்மா இருப்பாரா எதிர்க்கட்சிக்காரர்? ரிச்சர்ட் நியூபெர்கர் என்ற செனட்டர் வெள்ளை மாளிகை அணில்களைக் காப்பாற்ற ஒரு நிதியே தொடங்கினார். இது நடந்தது 1955-இன் தொடக்கத்தில். மாரடைப்புக்கு ஆறு மாதம் முன்னால் அதிபரின் கோல்ஃபைப் பற்றி நாடு பேசிய பெரிய பேச்சு அணில் பேச்சுதான்.

அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பில் அவர் உறுப்பினர். அவருக்காக அங்கே ஒரு வீடே கட்டினார்கள். 17-ஆவது குழிக்குப் போகும் வழியில் ஒரு பைன் மரம் அவர் பந்தை விடாமல் மறித்தது. 1956-இல் கிளப் கூட்டத்தில் எழுந்து அதை வெட்டச் சொன்னார். தலைவர் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸ் அதை விவாதத்துக்கே எடுக்காமல் கூட்டத்தை முடித்துவிட்டார். நார்மண்டியில் படைகளை இறக்கியவரால் ஒரு மரத்தை வெட்ட முடியவில்லை. அந்த மரம் ஐசன்ஹோவர் மரம் என்றே பெயர் வாங்கி, 2014 பிப்ரவரியில் பனிப்புயல் முறித்துப் போடும் வரை நின்றது. அதே கிளப் 1990 வரை ஒரு கறுப்பினத்தவரைக்கூட உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஐக்கின் கோல்ஃப் பை அங்கே யார் தோளில் தொங்கியது என்பதையும் சேர்த்துத்தான் அந்த அழகான பச்சைப் புல் படங்களைப் பார்க்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை

கொலராடோ மலையில் ஃப்ரேசர் என்ற ஊரில் நண்பரின் பண்ணையில் நாலைந்து நாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார் ஐக். வயது 64. வெள்ளிக்கிழமை விடியுமுன் எழுந்து கூட வந்தவர்களுக்குத் தன் கையாலேயே காலை உணவு சமைத்துப் போட்டார். அப்புறம் காரில் டென்வருக்கு இறங்கி, லோரி விமானப்படைத் தளத்தில் இருந்த தற்காலிக அலுவலகத்தில் கொஞ்ச நேரம் கோப்பு பார்த்தார். பார்த்த கையோடு செர்ரி ஹில்ஸ்.

அங்கேதான் டெலிஃபோன் ஆரம்பித்தது. வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் பேச விரும்புகிறார் என்று ஆட்டத்தின் நடுவே ஆள் வந்தது. மட்டையை வைத்துவிட்டுக் கிளப் கட்டடத்துக்குப் போனார். டல்லஸ் வேறு வேலையாகக் கிளம்பிவிட்டார், கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுவார் என்றார்கள். திரும்பினார். மறுபடி அழைப்பு. மறுபடி போனார், லைன் சரியில்லை. ஒருவழியாகப் பேசி முடித்து, சாப்பிட்டு, இரண்டாவது சுற்றுக்கு இறங்கினால் இன்னொரு அழைப்பு. அவர் ஏற்கெனவே பேசி முடித்தது தெரியாமல் யாரோ ஓர் ஆபரேட்டர் போட்ட கால். ஐக்கின் கோபம் பிரசித்தம். நெற்றி நரம்பு கயிறு மாதிரிப் புடைத்ததாகச் சொல்வார்கள். தன் நினைவுக் குறிப்பிலும் இந்த டெலிஃபோன் அலைச்சலை அவர் விட்டுவைக்கவில்லை.

ஒரு மனிதன் எல்லாவற்றிலிருந்தும் தப்பித்து வரும் ஒரே இடம் அது. 18 குழிகள், நாலு மணி நேரம், யாரும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள். அங்கேயும் ஆள் வந்து முதுகைத் தட்டினால்? நான் கோல்ஃப் ஆடியதில்லை. ஆனால் குளியலறைக் கதவைத் தட்டி ‘ஆபீஸ்ல இருந்து போன்’ என்று சொல்லும்போது வரும் எரிச்சல் தெரியும். அதைப் பத்தால் பெருக்கிக்கொண்டேன்.

ராத்திரி தங்கியது மாமியார் வீட்டில், லஃபாயெட் தெருவில். விருந்துக்கு நண்பர் ஜார்ஜ் ஆலன் வந்திருந்தார். பத்து மணி வாக்கில் படுத்தாயிற்று. இரவு ஒன்றரை, இரண்டு மணி இருக்கும், மார்பில் வலி. மனைவி மேமி ஜீரணக் கோளாறு என்று நினைத்து மில்க் ஆஃப் மெக்னீசியா கொடுத்தார். நம் வீடுகளிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் முதலில் வருவது ‘வாயுவா இருக்கும், ஒரு சோடா குடி’ என்ற வைத்தியம்தானே. வெங்காயம் சாப்பிட்டதை வேறு பகலிலேயே சொல்லியிருக்கிறார். முகத்தைப் பார்த்ததும் மேமிக்கு என்னவோ போலிருக்க, டாக்டரைக் கூப்பிட்டார்.

வந்தவர் ஹோவர்ட் ஸ்னைடர். வயது 74, பல வருடமாக ஐக்கின் சொந்த டாக்டர். மார்ஃபின், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், நாளங்களை விரிக்கும் மருந்து எல்லாம் கொடுத்ததாகப் பின்னால் எழுதி வைத்தார். தூங்கவும் விட்டார். ஆனால் மதியம் வரை ஈசிஜி எடுக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. கிட்டத்தட்ட பத்து மணி நேரம்! முதலிலேயே மாரடைப்பு என்று புரிந்து, வீட்டைக் கலவரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டேன் என்பது அவர் தரப்பு. அஜீரணம் என்று தப்பாக நினைத்துவிட்டு, பிறகு குறிப்புகளைச் சரிக்கட்டினார் என்பது பிற்காலத்தில் ஆராய்ந்தவர்களில் சிலர் சொல்லும் குற்றச்சாட்டு. காலையில் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன என்று பார்த்தால் இரண்டாவது கட்சிக்குத்தான் பலம் கூடுகிறது. வயிற்றுக் கோளாறு என்றுதான் சொன்னார்கள்.

மதியம் ஈசிஜி எடுத்ததும் சந்தேகத்துக்கு இடமில்லை. ஃபிட்ஸைமன்ஸ் ராணுவ மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோனார்கள். கார் வரை கைத்தாங்கலாக நடத்தியே கூட்டிப்போனார்கள். இன்றைக்கு எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். ஆக்சிஜன் கூடாரத்துக்குள் படுக்க வைத்த பிறகு, பிற்பகலில்தான் உண்மை வெளியே வந்தது: இதய ரத்தக்குழாய் அடைப்பு, லேசானது.

திங்கட்கிழமை

சனி, ஞாயிறு சந்தை இல்லை. செப்டம்பர் 26 திங்களன்று நியூயார்க் பங்குச் சந்தை திறந்ததும் விற்றுத் தள்ளினார்கள். டவ் ஜோன்ஸ் குறியீடு 6.5 சதவீதம் சரிந்தது. 1,400 கோடி டாலர் மதிப்பு ஒரே நாளில் காணாமல் போனது. கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று படுத்துவிட்டாரே என்பதுதான் அந்த அதிர்ச்சி. ஆடுகிறார், மீன் பிடிக்கிறார், ஆகவே நன்றாக இருக்கிறார் என்று நாடு மூன்று வருடமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. எதிர்க்கட்சி அவர் கோல்ஃபைக் கேலி செய்தபோதுகூட, அவர் திடகாத்திரமானவர் என்ற எண்ணத்தைத்தான் இன்னும் கெட்டிப்படுத்தியிருக்கிறது. அந்தக் கணக்கு ஒரே ராத்திரியில் பொய்த்தது.

அதே திங்கள்தான், பாஸ்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட இதய நிபுணர் பால் டட்லி வொயிட் பத்திரிகைக்காரர்கள் முன் உட்கார்ந்தார். மாரடைப்பு என்றால் என்ன, தழும்பு எப்படி ஆறும், எத்தனை வாரம் ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி விளக்கினார். அதிபருக்கு மலம் நன்றாகக் கழிந்தது என்பது வரை சொன்னார். ஐக்குக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. ஆனால் எதையும் மறைக்காதே என்று பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் ஹாகர்டிக்குச் சொல்லி வைத்திருந்தவரே அவர்தான். வில்சனின் மூடுமந்திரம் அவருக்கு நன்றாகத் தெரியும். முதல் பத்து மணி நேரத்துக் குழப்பத்தை விட்டுவிட்டால், அமெரிக்காவில் ஓர் அதிபரின் நோய் அதுவரை இவ்வளவு திறந்து பேசப்பட்டதில்லை.

அதிகாரம் யார் கையில் என்ற கேள்விக்கு மட்டும் சட்டத்தில் தெளிவான பதில் இல்லை. துணை அதிபர் நிக்சன் அமைச்சரவைக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினார், தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அதிபரின் நாற்காலியைக் காலியாக விட்டு. 1967-இல் அரசியல் சட்டத்தில் 25-ஆவது திருத்தம் வந்த பிறகுதான் அதிபர் செயலிழந்தால் என்ன செய்வது என்பதற்கு எழுத்தில் ஒரு வழி பிறந்தது. கென்னடியின் கொலைதான் அதற்கு உடனடிக் காரணம். ஆனால் அந்த விவாதத்தின் வேர்களில் ஒன்று ஃபிட்ஸைமன்ஸ் எட்டாவது மாடியில் இருக்கிறது.

அக்டோபரில் மொட்டைமாடியில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். நிருபர்கள் பரிசாகக் கொடுத்த பைஜாமாவைப் போட்டிருந்தார். சட்டைப் பைக்கு மேல் எம்பிராய்டரி: ‘ரொம்பத் தேவலை, நன்றி’. நவம்பர் 11-இல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பினார்.

மட்டை திரும்பக் கைக்கு வந்தது

1956 தேர்தலில் மறுபடி நிற்பாரா? அந்தக் குளிர்காலம் முழுக்க அமெரிக்காவில் இதே கேள்வி. டாக்டர் வொயிட் தன் பங்குக்கு, உடம்பு அனுமதிக்கும் என்று சொல்லிவிட்டார். ஆனால் டாக்டர் வாயால் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. பிப்ரவரியில் ஐக், நிதியமைச்சர் ஜார்ஜ் ஹம்ஃப்ரியின் பண்ணைக்கு, ஜார்ஜியாவில் தாமஸ்வில்லுக்குப் போனார். காடை வேட்டையாடினார். மாரடைப்புக்குப் பிறகு முதல் தடவையாகக் கோல்ஃப் ஆடினார், பக்கத்தில் டாக்டர் ஸ்னைடரை வைத்துக்கொண்டு. எத்தனை அடியில் குழியில் போட்டார் என்று யாருக்குக் கவலை? நடந்தார், குனிந்தார், வீசினார், விழவில்லை. பிப்ரவரி 29-இல் மறுபடி போட்டியிடுவதாக அறிவித்தார். நவம்பரில் 457-க்கு 73 என்ற தேர்வாளர் வாக்குகளில் ஜெயித்தார்.

இந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியது. அந்த வாரம் ஐக் பலமுறை கோல்ஃப் ஆடியிருந்தார். மிச்சிகன் ஆளுநர் மென்னன் வில்லியம்ஸ், நம்ம கோல்ஃப் ஆட்டக்காரருக்கு ஏதாவது தெரிந்திருந்தால் சரி என்ற ரீதியில் ஒரு கிண்டல் பாட்டே எழுதினார். 20 மாதம் முன்பு ‘அப்பாடா, ஆடுகிறார்’ என்று நாடு மூச்சுவிட்ட அதே ஆட்டம், இப்போது ‘தூங்குகிறார்’ என்பதற்குச் சாட்சி.

கென்னடிக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. அதிபர்களில் நேர்த்தியாக ஆடியவர்களில் ஒருவர் என்று பெயரெடுத்தவர், முடிந்தவரை கேமராவுக்குத் தெரியாமல் ஆடினார். 1960-இல், வேட்பாளராக அவர் அறிவிக்கப்படும் முன், கலிஃபோர்னியாவில் அவர் அடித்த ஒரு பந்து ஒரே அடியில் குழிக்குள் போகப் பார்த்தது. போகக் கூடாதே என்று அவர் வேண்டிக்கொண்ட கதை பிரபலம். போயிருந்தால் மறுநாள் பேப்பரில் இன்னொரு கோல்ஃப் பைத்தியம் வெள்ளை மாளிகைக்கு வருகிறது என்று போட்டிருப்பார்களே.

ஜார்ஜ் புஷ் இதில் வசமாக மாட்டினார். 2002 ஆகஸ்டில் மைதானத்தில் நின்றபடி பயங்கரவாதிகளைத் தடுக்க எல்லா நாடுகளும் முன்வர வேண்டும் என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ‘இப்ப இந்த அடியைப் பாருங்க’ என்று பந்தை அடித்தார். அந்தத் துண்டுப் படம் அவரை விடவே இல்லை. பிறகு, போரில் மகனை இழந்த தாய் தன்னை மைதானத்தில் பார்க்கக் கூடாது என்று ஆட்டத்தை நிறுத்தியதாகச் சொன்னார். ஒபாமா 2014 ஆகஸ்டில், ஐஎஸ் அமைப்பு கொன்ற நிருபர் ஜேம்ஸ் ஃபோலிக்காக இரங்கல் உரை படித்துவிட்டு நேரே மைதானத்துக்குப் போனார். அது எப்படித் தோன்றும் என்று யோசித்திருக்க வேண்டும் எனப் பின்னால் ஒத்துக்கொண்டார்.

எதனால் வந்தது?

ஐக்கின் மாரடைப்புக்குக் கோல்ஃப் காரணமா? அப்போதே கேட்டார்கள். நேர்மையான பதில், 27 குழி ஒரு மனிதனைக் கொல்லாது என்பதே. 1949 வரை ஒரு நாளைக்கு நாலு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். கோபக்காரர். ஃப்ரேசர் கடல் மட்டத்திலிருந்து 8,500 அடி உயரம், டென்வரே ஒரு மைல் உயரம். காலையில் கனத்த சாப்பாடு, மதியம் ஹாம்பர்கர், நடுவில் மலைப் பாதையில் பயணம். கோல்ஃப் வேறு ஒரு கெடுதல் செய்தது: மார்பில் வரப்போவதை வயிற்றுக் கோளாறாகக் காட்டி, இவ்வளவு ஆடியவனுக்கு என்ன வந்துவிடும் என்ற தைரியத்தை எல்லோருக்கும் கொடுத்தது. டாக்டர் உட்பட.

அதிபர் பதவி முடிந்த பிறகும் ஆடினார். கென்னடி பயந்த அந்த அதிர்ஷ்டம் 1968 பிப்ரவரியில் இவருக்கு வாய்த்தது. கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் 104 கெஜம் நீளமுள்ள 13-ஆவது குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டார். வயது 77. அதே வருடம் ஏப்ரலில் மறுபடி மாரடைப்பு. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கிடந்து, 1969 மார்ச் 28-இல் இறந்தார்.

பிரேதப் பரிசோதனையில் உயிரோடிருந்தபோது யாரும் கண்டுபிடிக்காத ஒன்று இருந்தது. இடது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி. அட்ரினலினைத் திடீர் திடீரென்று ரத்தத்தில் கொட்டும் வகை. ரத்த அழுத்தம் எகிறும், தலை வலிக்கும், முகம் மாறும். அந்தக் கட்டி எத்தனை வருடமாக அங்கே இருந்தது என்று சொல்ல முடியாது. 1955-லேயே இருந்திருந்தால், செர்ரி ஹில்ஸில் நாலாவது தடவை டெலிஃபோன் அடித்தபோது புடைத்த நெற்றி நரம்பில் பாதி டல்லஸின் கணக்கு, மீதி இதன் கணக்கு.